உலக இலக்கியமும் முதலாண்டு மாணவனும்

சிறுபத்திரிகை வட்டத்தில் கல்லூரிப் பாடத்திட்டம் என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. அதிலும் ‘உலக இலக்கியம்: ஓர் அறிமுகம்’ என்ற மாதிரிப் பாடங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஹோமருக்கு இரண்டு வாரம், தாந்தேக்கு ஒரு வாரம், டால்ஸ்டாயில் ஒரு சிறுகதை, பரீட்சைக்கு முந்தின வாரம் அவசர அவசரமாக ஒரு சீனக் கவிதை. இலக்கியத்தைச் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று நம்மில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். இந்த ஏளனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது தப்பான இடத்தைக் குறிவைக்கிறது என்பது என் கட்சி. வேகமாகப் படிப்பது பெரிய குற்றமில்லை. மொழிபெயர்ப்பில் படிப்பதும் குற்றமில்லை. அது குற்றமானால் தமிழில் எழுதுகிற நம்மில் பெரும்பாலோர் கூண்டில் நிற்க வேண்டியவர்கள். குற்றம் வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க இந்தப் பாடத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அது பெரும்பாலும் அமெரிக்கச் சரித்திரம். இப்படி ஒரு பாடத்தைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

1

பாடப்புத்தகங்கள் எல்லாம் கதேயில் தொடங்குகின்றன. 1827 ஜனவரி 31 அன்று கதே, தான் படித்த ஒரு சீன நாவலைப் பற்றி எக்கர்மனிடம் பேசுகிறார். சீனர்களும் ஏறக்குறைய நம்மைப் போலத்தான் சிந்திக்கிறார்கள், உணர்கிறார்கள் என்று வியக்கிறார். தேசிய இலக்கியம் என்ற பேச்சுக்கு இனி அதிக அர்த்தமில்லை, உலக இலக்கியத்தின் காலம் வருகிறது என்கிறார். அப்போது அவருக்கு வயது 77. அவருக்குச் சீனம் தெரியாது. சமஸ்கிருதமும் தெரியாது. அவர் கொண்டாடிய ‘சாகுந்தலம்’கூட, வில்லியம் ஜோன்ஸ் 1789-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டதை வைத்து ஃபார்ஸ்டர் 1791-ல் ஜெர்மனில் செய்தது, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. அதில் வரும் சூத்திரதாரன் காட்சியின் சாயலில்தான் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் முன்னுரைக் காட்சி எழுதப்பட்டது. இரண்டாம் கையாக வந்த ஒரு பிரதியிடமிருந்து ஒரு பெருங்கவிஞன் பெற்றுக்கொண்டது இவ்வளவு. அந்த வகையில் கதேயும் ஒரு முதலாண்டு மாணவர்தான்.

ஆனால் பாடப்புத்தகங்கள் அந்த உரையாடலில் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன. மறுபாதியில் கதே வேறொன்று சொல்கிறார். சீனத்தையோ, செர்பியப் பாடல்களையோ, கால்டெரோனையோ, நிபெலுங்கன் காவியத்தையோ முன்மாதிரியாகக் கொண்டுவிடக் கூடாது. முன்மாதிரி வேண்டுமானால் பழைய கிரேக்கர்களிடம்தான் போக வேண்டும். மற்றவற்றைச் சரித்திரமாகப் பார்த்து, முடிந்தவரை நல்லதை எடுத்துக்கொள்ளலாம். இதுதான் சாரம். அதாவது, உலகத்தை வரவேற்ற அதே மூச்சில் தான் எங்கே நின்று வரவேற்கிறேன் என்பதையும் அவர் சொல்லிவிடுகிறார். வைமார் நகரத்தில், கிரேக்கத்தை நோக்கி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சீன நாவல் பக்கத்து ஜன்னல். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர் மறைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

2

இந்த ‘எங்கே நின்று’ என்ற கேள்வியை முறையான கோட்பாடாக்கியவர் ரிச்சர்ட் க்ரீன் மோல்டன். இன்று இவரை அதிகம் பேர் படிப்பதில்லை. இங்கிலாந்துக்காரர். 1874 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விரிவுரைத் திட்டத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத தொழிலாளர்கள், பெண்கள், பள்ளி ஆசிரியர்கள் இவர்கள்தான் அந்தத் திட்டத்தின் சபை. அங்கே கிரேக்கத்தில் ஸோபோக்ளிஸ் படிக்கச் சொன்னால் நாற்காலிகள் காலியாகிவிடும். மொழிபெயர்ப்பில் படிக்கலாம், படித்தால் போய்ச் சேரும் என்று மோல்டன் கண்டுகொண்டது அந்தச் சபைகளில்தான். 1892-ல் புதிதாகத் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1911-ல் ‘உலக இலக்கியமும் பொதுப் பண்பாட்டில் அதன் இடமும்’ என்ற பொருளுடைய நூலை வெளியிட்டார். ஆக, நாம் கல்லூரிச் சரக்கு என்று ஒதுக்குகிற இந்தப் பாடம் கல்லூரிக்கு வெளியே, வேலை முடிந்து வந்தவர்களின் நடுவில் உருவானது.

மோல்டன் ஒரு வித்தியாசத்தை வற்புறுத்துகிறார். எல்லா மொழிகளின் எல்லா இலக்கியமும் சேர்ந்த மொத்தம் ஒன்று; அதை அவர் சர்வ இலக்கியம் என்கிறார். அந்த மொத்தத்தை ஓர் இடத்தில் நின்று பார்க்கும்போது தெரிகிற காட்சி இன்னொன்று. அதுதான் உலக இலக்கியம். பார்ப்பவன் நிற்கும் இடம் மாறினால் காட்சி மாறும். ஆங்கிலேயனின் உலக இலக்கியமும் ஜப்பானியனின் உலக இலக்கியமும் ஒன்றாக இருக்க முடியாது. முன்னவனுக்கு மலையாகத் தெரியும் ஷேக்ஸ்பியர் பின்னவனுக்கு ஒரு சிறு விவரம். பின்னவனுக்கு முன்வரிசையில் நிற்கும் சீன இலக்கியம் முன்னவன் கண்ணுக்கு எட்டினாலே பெரிது என்று எழுதுகிறார். தென்காசியில் நிற்கிறவனுக்குக் குற்றாலமலை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, இமயம் தெரிவதில்லை. இதனால் இமயம் சின்ன மலை என்று ஆகிவிடாது. நிற்கிற இடம் தென்காசி, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு மோல்டன் தன் பட்டியலைத் தருகிறார். ஐந்து ‘இலக்கிய வேதங்கள்’: கிறிஸ்தவ விவிலியம், கிரேக்க ரோமானியக் காவியமும் துன்பியல் நாடகமும், ஷேக்ஸ்பியர், தாந்தேயும் மில்டனும் சேர்ந்து ஒன்று, ஃபவுஸ்ட் கதையின் பல வடிவங்கள் ஒன்று. அராபிய இரவுகள், உமர் கய்யாம் போன்றவை பக்கக் கிளைகள். வால்மீகியும் இல்லை, வியாசரும் இல்லை. இன்று இந்தப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் இதன் அடியில் ஒரு கையொப்பம் இருக்கிறது: ‘ஆங்கிலம் பேசும், விவிலியத்தில் வளர்ந்த ஒருவன் இங்கிருந்து பார்த்தது.’ நான் சண்டை போட வேண்டுமானால் யாருடன் போட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. பட்டியல் குறுகலானது, ஆனால் நாணயமானது.

இதே காலத்தில் ஹார்வர்டின் தலைவராக நாற்பது வருஷம் இருந்து 1909-ல் ஓய்வுபெற்ற சார்லஸ் எலியட், தினம் பதினைந்து நிமிஷம் படித்தால் போதும், ஐந்தடி அலமாரியில் ஒரு முழுக் கல்வி கிடைக்கும் என்று சொல்ல, ஒரு பதிப்பாளர் அதை ‘ஹார்வர்ட் க்ளாஸிக்ஸ்’ என்று ஐம்பது புத்தகங்களாக்கி விற்றார். வீட்டுக்கு அலமாரி வந்தது. அதை எந்த இடத்தில் நின்று அடுக்கினார்கள் என்ற கேள்வி வரவில்லை. கையொப்பம் அழிய ஆரம்பித்தது இங்கேதான்.

இந்தியாவில் இருந்தும் ஒரு குரல், மோல்டனுக்கு நான்கு வருஷம் முந்தி. 1907-ல் கல்கத்தாவில், சுதேசி இயக்கத்தின் வேகத்தில் பிறந்த தேசியக் கல்வி மன்றத்தில், ஒப்பியல் இலக்கியம் பற்றிப் பேசும்படி தாகூரைக் கேட்டார்கள். அதை நான் ‘விஸ்வ சாகித்யம்’ என்றே சொல்வேன் என்று அவர் பேசினார். பூமியை உன் வயல், என் வயல், அவன் வயல் என்று பார்ப்பது பட்டிக்காட்டுப் பார்வை. இலக்கியத்தையும் அப்படிப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். மோல்டனுக்கு நேர் எதிர் என்று தோன்றும். ஆனால் அந்த உரையைத் தாகூர் வங்காளியில், பிரிவினையால் கொதித்துக்கொண்டிருந்த கல்கத்தாவில், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றாக எழுந்த ஒரு மன்றத்தில் நிகழ்த்தினார். வயல்களைத் தாண்டிப் பார் என்று சொன்னவரும் ஒரு வரப்பின்மேல் நின்றுதான் சொன்னார்.

3

அடுத்த கட்டம் நியூயார்க்கில். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் எர்ஸ்கின் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1920-ல் ஒரு வகுப்பைத் தொடங்கினார். வாரத்துக்கு ஒரு பெரும் புத்தகம். புதன்கிழமை மாலை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. விரிவுரை கிடையாது. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், அதுவும் ஒத்துப்போகாத இரண்டு பேராகப் பார்த்துப் போட்டார்கள். கவிஞர் மார்க் வான் டோரனும் மார்ட்டிமர் ஆட்லரும் அப்படி ஒரு ஜோடி.

சக பேராசிரியர்கள் கொதித்தார்கள். வாழ்நாளெல்லாம் படித்தாலும் போதாத புத்தகத்தை ஒரு வாரத்தில் படிப்பதாவது, அதுவும் மொழிபெயர்ப்பில்! எர்ஸ்கினின் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தப் புத்தகங்கள் பேராசிரியர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. தம் காலத்து ஜனங்கள் படிக்க எழுதப்பட்டவை. அவர்கள் எப்படிப் படித்தார்களோ அப்படி, புதிதாக வந்த நாவலைப் படிக்கிற மாதிரி, பையன்கள் படிக்கட்டும் என்றார் அவர். எந்தப் புத்தகத்தையும் முதல் தடவை படிக்காமல் இரண்டாம் தடவை படிக்க முடியாது. இதற்கு எதிராக இன்றுவரை யாரும் சரியான வாதம் சொன்னதாக நான் காணவில்லை. நாமே அப்படித்தானே தஸ்தாயெவ்ஸ்கியைப் படித்தோம்? நாலு நாளில், ராத்திரியெல்லாம் விழித்து, ருஷ்யப் பெயர்களைக் குழப்பிக்கொண்டு.

1937-ல் இந்த முறை கொலம்பியாக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கட்டாயப் பாடம் ஆயிற்று. தத்துவ ஆசிரியர் ஹோமரைக் கற்பித்தார், லத்தீன் ஆசிரியர் கதேயைக் கற்பித்தார். தனக்குத் தெரியாததை மாணவனோடு சேர்ந்து படிக்கிற ஆசிரியர் என்பது கல்விக்கூடங்களில் அபூர்வமான காட்சி. அதை ஒரு நிறுவனமாகவே நடத்திக் காட்டினார்கள். இவ்வளவும் பெருமைக்குரியது.

ஆனால் ஒன்று நடந்தது. மேஜையைச் சுற்றி எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டார்கள், பட்டியலைத் தவிர. மாணவன் வகுப்புக்கு வரும்போது பட்டியல் தயாராக இருந்தது. கடிகாரம் போல, கரும்பலகை போல, அறையின் சாமான்களில் ஒன்றாக. புத்தகத்துக்கும் வாசகனுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை என்பது எர்ஸ்கின் முறையின் அழகு. நடுவில் பட்டியல் போட்டவர் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அதன் பலவீனம். அந்தப் பாடத்தில் முதல் பெண் எழுத்தாளராக ஜேன் ஆஸ்டின் நுழைந்தது 1985-ல். பாடம் கட்டாயமாகி 48 வருஷம் கழித்து. அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி இரண்டு வருஷம் கழித்து. ஆஸ்டினின் தகுதி 1985-ல் திடீரென்று கூடிவிடவில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மாறினார்கள். மேஜைமேல் இருந்த புத்தகம் மாறியது.

4

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு போர்வீரர்களுக்குக் கல்வி உதவி தரும் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்கு வந்தார்கள். எர்ஸ்கினின் மேஜை இவர்களுக்குப் போதாது. ஆளுக்கு இருபது புத்தகம் வாங்கவைக்கவும் முடியாது. ஒரே புத்தகத்தில் எல்லாம் வேண்டும். கிரேக்கம் தெரியாத ஆசிரியர் சின்ன ஊர்க் கல்லூரியில் அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முன்னுரையும் அடிக்குறிப்பும் வேண்டும். 1956-ல் நார்ட்டன் பதிப்பகம் மேனார்ட் மாக்கின் தலைமையில் இரண்டு பாகங்களாக ஒரு தொகுதியை வெளியிட்டது. விவிலியக் காகிதம் என்று சொல்கிற மெல்லிய தாள், ஆயிரக்கணக்கான பக்கம்.

தலைப்பு: ‘உலகப் பேரிலக்கியங்கள்’. துணைத்தலைப்பு: ‘மேற்கத்தியப் பண்பாட்டின் இலக்கியம்’. பெரிய எழுத்தில் உலகம், சின்ன எழுத்தில் மேற்கு. எழுபத்துமூன்று ஆசிரியர்கள், ஒருவர்கூடப் பெண் இல்லை. எழுபதுகளில்தான் சாப்போவுக்கு இரண்டு பக்கம் கிடைத்தது. மோல்டனின் பட்டியலோடு இதை ஒப்பிட்டால் நார்ட்டன் பட்டியல் பெரிது, செழுமையானது, மொழிபெயர்ப்புகள் மேலானவை. ஆனால் மோல்டனிடம் இருந்த ஒன்று இதில் இல்லை: ‘இங்கிருந்து பார்த்தால்’ என்ற வாக்கியம். அந்த வாக்கியம் போனதும் காட்சி காட்சியாக இல்லாமல் உலகமாகவே ஆகிவிட்டது. ஒஹாயோவில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் அட்டையில் ‘உலகம்’ என்று பார்த்தான். உள்ளே இருந்ததை உலகம் என்று எடுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

1988-ல் ஸ்டான்ஃபோர்டில் மேற்கத்தியப் பண்பாட்டுப் பாடத்தை மாற்றுவது பற்றிய சண்டை பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1995-ல் நார்ட்டன் ‘விரிவாக்கப்பட்ட பதிப்பு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சீனம், ஜப்பான், அரபு, ஆப்பிரிக்கா, இந்தியா எல்லாம் உள்ளே வந்தன. 2002-ல் ‘பேரிலக்கியங்கள்’ என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு ஆறு பாகங்கள். 2004-ல் டேவிட் டாம்ரோஷை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு லாங்மன் நிறுவனத்தின் ஆறு பாகங்கள். அநீதி சரிசெய்யப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். பாதி உண்மை. விரிவு என்பது கையொப்பத்துக்கு ஈடாகாது. இரண்டு பாகமாக இருந்தது ஆறு பாகம் ஆகும்போது நிற்கிற இடம் இல்லாமல் போய்விடுவதில்லை; அது இன்னும் ஆழத்தில் மறைகிறது. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டோம் என்கிறவனிடம் எங்கே நின்று சேர்த்தாய் என்று கேட்பது கஷ்டம். இதற்கு உதாரணம் வேறெங்கும் தேட வேண்டாம், தமிழே இருக்கிறது.

5

1995 நார்ட்டனில் சங்கக் கவிதைகள் இடம்பெற்றன. அகம், புறம் இரண்டும், ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பில். 2004 லாங்மனிலும் உண்டு. எப்படி நடந்தது இது? நம் கவிதையின் மேன்மையை உலகம் உணர்ந்துகொண்டது என்று மேடையில் பேசலாம். நடந்தது வேறு.

1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இளைஞரான உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள் என்று ஐயர் தன் படிப்பின் நீளத்தைச் சொல்லிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அங்கே ஒரு பட்டியல் உடைந்தது. மடத்துப் பாடத்திட்டம் காட்டாத ஒரு தமிழ் அதற்குப் பின்னால் கிடந்தது. 1887-ல் சிந்தாமணி அச்சாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து 1937-ல் ஐயரின் குறுந்தொகைப் பதிப்பு, அவருடைய உரையோடு.

1962-ல், மோல்டன் பணியாற்றிய அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில், புதிதாக வந்து சேர்ந்திருந்த ராமானுஜன் ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழுக்கு ஓர் ஆரம்ப இலக்கணம் தேடிப் போனார். வீட்டில் தமிழ் பேசி மைசூரில் வளர்ந்தவர், பழந்தமிழ் படித்ததில்லை. கையில் அகப்பட்டது ஐயரின் 1937 பதிப்பு. அலமாரிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து புரட்டினார். ஐயரின் உரைநடை விளக்கம் அவருக்குப் புரிந்தது. அதன் வழியாகப் பாட்டு திறந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். 1967-ல் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ வந்தது. 1985-ல் அகமும் புறமும் சேர்ந்த பெரிய தொகுதி. 1993-ல் ராமானுஜன் காலமானார். இரண்டு வருஷம் கழித்து நார்ட்டன்.

ஒரு முன்சீபின் கேள்வி, ஒரு பதிப்பாசிரியரின் உரை, ஒரு நூலகத்தின் கொள்முதல், ஒரு கவிஞனின் கை. இந்த நான்கில் ஒன்று தவறியிருந்தாலும் ஆறு பாகங்களில் அந்தப் பக்கங்கள் வேறு எதற்கோ போயிருக்கும். ஒருவருக்கும் குறை தெரிந்திராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறுந்தொகைப் பாட்டுக்கு எல்லை எட்டடி. ஒரு வகுப்பு நேரத்தில் நாலைந்து பாட்டு படித்து விவாதித்துவிடலாம். படிமக் கவிதையில் பழகிய அமெரிக்க வாசகனுக்கு அது அந்நியமாகவும் இல்லை. வரிகளை உடைத்துப் படிக்கட்டுப் போல ராமானுஜன் அச்சில் அமைத்த விதம் அதை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தது. கம்பனின் பத்தாயிரம் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. சந்தமே பாதி அர்த்தமாக இருக்கும் ஒரு கவிஞன் ஐம்பது நிமிஷ வகுப்புக்குள் எப்படி நுழைவான்? ஆகவே சங்கக் கவிதை உலக இலக்கியமாகவும் கம்பன் பிராந்திய இலக்கியமாகவும் ஒரு அமெரிக்க மாணவனுக்குத் தோன்றினால், அந்தத் தீர்ப்பில் விமர்சனத்தின் பங்கைவிட மணியடிக்கிறவரின் பங்கு அதிகம். இதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. இதை மாணவனிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

6

கொலம்பியாவின் பட்லர் நூலக முகப்பில் ஹோமர், ஹெரோடட்டஸ், ஸோபோக்ளிஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெமாஸ்தனிஸ், சிசரோ, வர்ஜில் என்று பெயர்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1989-ல் மாணவிகள் அந்தப் பெயர்களுக்கு மேலே ஒரு நீளத் துணியைத் தொங்கவிட்டார்கள். அதில் சாப்போ முதல் வர்ஜினியா உல்ஃப் வரை பெண்களின் பெயர்கள். முப்பது வருஷம் கழித்து 2019-ல் மறுபடி ஒரு துணி. டோனி மாரிசன், மாயா ஏஞ்சலூ, ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்று எட்டுப் பெயர்கள். அவற்றில் ஒன்று அ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை. தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-லும், தமிழ் மூலம் ‘வெள்ளை மொழி’ என்று அதற்குப் பிறகும் வெளிவந்தன. சொந்த மொழியில் அச்சாகு முன்பே உலகத்துக்குப் போய்விட்ட புத்தகம்.

அந்தச் செய்தியை நம் பத்திரிகைகள் பெருமையோடு வெளியிட்டன. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் அதில் பார்த்தது பெருமையைவிடத் துணியை. கல்லில் இருப்பது யார் செதுக்கியது என்று கேட்கத் தோன்றாது. அது எப்போதும் இருந்தது போல இருக்கும். துணியை யாரோ தைத்தார்கள், யாரோ கட்டினார்கள், ஒரு நாள் அவிழ்ப்பார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். அறிமுகப் பாடத்தின் பட்டியல் அந்தத் துணி மாதிரி இருக்க வேண்டும்.

7

இனி நம் சங்கதி. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த கல்லூரியில் ‘மொழிபெயர்ப்பில் உலக இலக்கியம்’ என்று ஒரு தாள் உண்டு. அதில் ஹோமரிலிருந்து சில பக்கம், செகாவ் ஒன்று, அவற்றோடு திருக்குறளில் ஓர் அதிகாரம், 1886-ல் ஜி.யு. போப் ஆங்கிலத்தில் செய்தது. அறையில் இருந்த நாற்பது பேருக்கும் குறள் தமிழில் தெரியும். பலருக்கு மனப்பாடம். அதை விக்டோரியா காலத்து ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பொழிப்பு எழுதி, மதிப்பெண் வாங்கினோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. எங்கேயோ நின்றுகொண்டு பார்த்த ஒருவரின் காட்சியை, நிற்கிற இடத்தை மாற்றாமல் அப்படியே தபாலில் வரவழைத்திருந்தார்கள். தன் வீட்டுத் திண்ணையைப் பக்கத்து ஊர் மாடியிலிருந்து எடுத்த புகைப்படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிற படிப்பு அது.

இதற்கு எதிர்நிலையில் ஒரு மனிதர் தமிழில் இருந்தார். க.நா.சு. எந்தக் கல்லூரியும் கேட்காமல், எந்தச் செமஸ்டரும் இல்லாமல், தமிழ் வாசகனுக்கு உலக இலக்கிய அறிமுகப் பாடம் நடத்தியவர். செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, பேர் லாகர்குவிஸ்ட்டின் ‘அன்பு வழி’, க்னுட் ஹாம்ஸனின் ‘நிலவளம்’. அமெரிக்கப் பாடத்தொகுதிகள் எதிலும் ஸ்காண்டிநேவிய நாவலுக்கு இப்படி ஒரு முன்வரிசை கிடைத்ததில்லை. காவேரிக் கரையில் நின்று பார்த்த ஒருவருக்கு நார்வேயின் நிலமும் ஸ்வீடனின் பாதிரியாரும் இவ்வளவு பக்கத்தில் தெரிந்தார்கள். அவரும் ஆங்கிலம் வழியாகத்தான் போனார். அவருடைய பட்டியல்களை நம் முன்னோர்கள் எவ்வளவு கேலி செய்தார்கள்! காரணம் சொல்லாமல் பெயர் அடுக்குகிறார் என்றார்கள். கேலியில் விஷயம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் க.நா.சு. என்று பெயர் இருந்தது. அவரோடு சண்டை போட்டே ஒரு தலைமுறை விமர்சனம் கற்றுக்கொண்டது. கையொப்பம் இல்லாத பட்டியலோடு அப்படிச் சண்டை போட முடியாது.

அவருக்குப் பின் வந்த நாம் என்ன செய்தோம்? கல்லூரிப் பாடத்திட்டத்தை ஏளனம் செய்துகொண்டே நமக்கென்று ஒரு பாடத்திட்டம் வைத்துக்கொண்டோம். காஃப்கா, காம்யு, போர்ஹே, மார்க்வெஸ். நம் வட்டத்துக்குள் வருகிற இளைஞன் ஆறு மாசத்துக்குள் இந்தத் தாளில் தேறியாக வேண்டும். இந்தப் பட்டியலை யார் போட்டார்கள்? நம் ரசனை என்று சொல்லிக்கொள்கிறோம். பாதிக்கு மேல் பழைய புத்தகக் கடை நடைபாதையில் எந்தப் பெங்குவின் கிடைத்தது என்பதுதான் காரணம். நமக்கு ருஷ்யா அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு டால்ஸ்டாயின் மேதைமை மட்டும் காரணமில்லை. 1991-ல் சோவியத் யூனியன் கலைகிற வரை மாஸ்கோவிலிருந்து சல்லிசான விலையில் தமிழிலேயே அச்சாகி வந்த புத்தகங்களும் காரணம். அந்தக் கப்பல் துருக்கியிலிருந்து வந்திருந்தால் நம் நாவல் இன்று வேறு மாதிரி இருந்திருக்கலாம். இதைச் சொல்வதால் டால்ஸ்டாய் சிறுத்துவிடப் போவதில்லை. நாம் நிற்கிற இடம் நமக்குத் தெரியவரும். பக்கத்திலேயே இருக்கும் கன்னடமும் மராத்தியும் ஏன் நம் முன்வரிசையில் இல்லை என்ற கேள்வியையும் அப்போதுதான் கேட்க முடியும்.

அறிமுகப் பாடம் வேண்டும் என்பதே என் முடிவு. பதினெட்டு வயதில், மொழிபெயர்ப்பில், வாரத்துக்கு ஒன்றாக, அரைகுறையாகப் புரிந்துகொண்டு படிப்பதைப் போல ஒரு பாக்கியம் பிறகு கிடைப்பதில்லை. எர்ஸ்கின் அதைச் சரியாகவே கண்டார். அதோடு மோல்டனின் அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும். முதல் வகுப்பில் ஆசிரியர் ஹோமரைத் திறக்கு முன் பட்டியலைத் திறக்கட்டும். இந்தப் பதினாலு புத்தகங்களை நான் எடுத்தேன். இந்த ஊரில், இந்த மொழியில், இந்த மொழிபெயர்ப்புகள் கிடைத்ததால் எடுத்தேன். இன்னின்னது வகுப்பு நேரத்துக்குள் அடங்காததால் விட்டேன். இன்னது எனக்குப் பிடிக்காததால் விட்டேன் என்று சொல்லி அடியில் தன் பெயரைப் போடட்டும். பதினைந்தாவது வாரத்தைக் காலியாக வைக்கட்டும். மாணவன் அதில் ஒரு புத்தகத்தை எழுதி, காரணத்தை எழுதி, கீழே தன் பெயரை எழுதட்டும். அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட வேண்டாம். வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுத்தால் போதும்.